பம்பாய்த் தமிழர் செவியில் வானொலிச் செய்தி

வானொலிச் செய்தி ஆட்சியாளர் பக்கமே சாய்கிறது என்னும் குறை நேற்று முளைத்ததன்று. இந்நாட்டில் வானொலிக்கு எத்தனை வயதோ, ஏறத்தாழ அத்தனை வயது அக்குறைக்கும் உண்டு. அதைக் கூறாத கட்சியில்லை. எதிர்க்கட்சியாய் இருக்கும்போது கூறியவர்கள், ஆட்சியில் அமர்ந்ததும் அதை மறந்துவிடுவதும் உண்டு. நேயர்களோ மறப்பதில்லை. கேட்டவர் யார், எந்த ஊரில் இருந்து கேட்டார், எதைக் கேட்டு ஐயுற்றார் என்று வரலாற்று முறையில் ஆராய்ந்தால், இக்குறையில் எவ்வளவு மெய், எவ்வளவு மனப்பிராந்தி என்பது ஒருவாறு தெளிவாகும். அதற்குப் பம்பாயினும் பொருத்தமான நகர் வேறில்லை. இன்று மும்பை என வழங்கும் அந்நகரில்தான், 1927ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் முதல் நிலையத்தை வைசிராய் இர்வின் பிரபு தொடங்கிவைத்தார். நாட்டின் முதல் செய்தி அறிக்கையும் அன்றே அங்கிருந்து ஒலித்தது.

அந்நகரத்துத் தமிழரை நாம் தனியே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மாட்டுங்காவில் குடியேறியவர்களிற் பெரும்பாலோர் அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் கணக்கர்களாகவும் பணிபுரிந்தவர்கள். தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். திராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் எழுந்தபின் செம்பூரில் மூன்றாவது கூட்டம் ஒன்று சேர்ந்தது. இம்மூவர்க்கும் தொழில் வேறு, சாதி வேறு, அரசியல் வேறு. பொதுவாய் இருந்தது ஒரு குறை: சென்னையில் அச்சான தமிழ்ப் பத்திரிகை ரயிலேறிப் பம்பாய் வந்து சேர்வதற்குள் செய்தி பழையதாகிவிடும். பம்பாய்ப் பத்திரிகைகளோ ஆங்கிலத்திலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் வந்தவை. ஆகவே அன்றைய செய்தியை அன்றே தமிழில் அறிவிக்க அவர்களுக்கு இருந்தது வானொலி ஒன்றுதான். மற்றொரு செய்தித்தாளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அன்று மாலையே வழியில்லாதவன் என்ன செய்வான்? ஒரு நிலையத்தை மற்றொரு நிலையத்தோடு ஒப்பிடுவான். சிற்றலை முள்ளைத் திருப்பித் திருப்பி உண்மையைத் தேடும் பழக்கம் பம்பாய்த் தமிழனுக்கு இவ்வாறே படிந்தது.

கம்பெனி நெடுநாள் நீடிக்கவில்லை. 1930இல் அது நொடித்துப் போகவே, சர்க்கார் ஒலிபரப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1936 ஜூன் 8ஆம் நாள் அகில இந்திய வானொலி என்னும் பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டில் மத்தியச் செய்தி அமைப்பு உருப்பெற்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டை ஆண்டவர் அயலார். வானொலியை நடத்தியவரும் அவரே. ஆதலால், செய்தி அறிக்கை பொய் சொல்கிறதா என்று கேட்பதற்கு முன்னரே, இது யாருடைய குரல் என்ற கேள்வி நேயர் உள்ளத்தில் எழுந்துவிட்டது. பின்னாளில் ஆட்சி நம்முடையதான பிறகும், குரலின் உடைமையைப் பற்றிய அக்கேள்வி ஓயாமல் தொடர்ந்ததற்கு வித்து அங்கே இருக்கிறது.

யுத்த காலத்தில் இந்த ஐயம் உச்சத்தை எட்டியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. மலேயாவிலும் பர்மாவிலும் உறவினரைக் கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இவை வெறும் போர்ச் செய்திகளல்ல. அண்ணன் உயிரோடு இருக்கிறானா, மகள் கால்நடையாய் எல்லை கடந்தாளா என்னும் கவலைகள். ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு வீசினர். சென்னை நகர் காலியாகத் தொடங்கியது. இத்தகைய நேரத்தில் சர்க்கார் வானொலி அமைதியைக் காக்கவே அளந்து பேசும், அது இயல்பு. ஆனால் அளந்து பேசும் வாயை, அஞ்சி நிற்கும் செவி மறைக்கும் வாயாகவே கொள்ளும். பெர்லினும் டோக்கியோவும் கேட்கப்பட்டன. அவற்றின் செய்தியைப் பரப்புவது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம் என்பதே அவற்றுக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. தடுத்த பண்டத்துக்குச் சுவை கூடும் என்பதை ஆட்சியாளர் எக்காலத்தும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பம்பாய்க்குள்ளேயே அந்த ஆண்டில் ஒரு மாற்றுக் குரல் எழுந்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் விடியுமுன் தலைவர்கள் சிறைப்பட்டனர். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. ஆகஸ்டு இறுதியில் காங்கிரஸ் வானொலி என்னும் இரகசிய நிலையம், 42.34 மீட்டர் அலைவரிசையில், 'இந்தியாவில் எங்கோ ஓரிடம்' என்று தன்னை அறிவித்துக்கொண்டு பேசத் தொடங்கிற்று. அந்த 'எங்கோ ஓரிடம்' பம்பாய்தான். இருபத்திரண்டு வயது மாணவி உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் வீடு விட்டு வீடு மாறிக் கருவியைத் தூக்கித் திரிந்தனர். ஒலிபெருக்கிகளால் புகழ் பெற்ற சிகாகோ ரேடியோவின் நானிக் மோட்வானி சாதனங்கள் தந்து உதவினார். சிட்டகாங்கில் குண்டு விழுந்ததும், ஜாம்ஷெட்பூரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும், சிமூரில் மக்கள் பட்ட பாடும் பம்பாய் நேயர் செவிக்கு இந்நிலையத்தின் வழியாகவே எட்டின. நவம்பர் 12ஆம் நாள், ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே, போலீசார் புகுந்து உஷா மேத்தாவைக் கைது செய்தனர். அவருக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அகில இந்திய வானொலியை 'இந்திய விரோத வானொலி' என்று ஏசும் வழக்கு அந்த ஆண்டுகளில் பரவியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்துகள் ஒன்றே என்பது ஏசுவோர்க்கு வாய்ப்பாயிற்று.

இந்நிலையம் ஒலித்த காலம் மூன்று மாதத்துக்கும் குறைவு. கருவியோ வலிவற்றது. கேட்டவர் தொகையும் மிகுதியாய் இருந்திருக்க முடியாது. ஆயினும் அதன் பாடம் பெரிது. சர்க்கார் வானொலி அந்நாட்களில் கூறியவற்றில் பொய் எவ்வளவு என்று மக்கள் கணக்கெடுக்கவில்லை. அது கூறாது விட்டதை மற்றொரு நிலையம் கூறியது, அதுவே போதுமானதாயிற்று. சார்பு என்று நேயர் உணர்வது சொன்ன சொல்லில் இருப்பதைவிடச் சொல்லாத இடத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பதை நாம் முதன்முதலாக இங்கே காண்கிறோம்.

தமிழர்க்கு இன்னொரு குரலும் கிட்டியது. 1943இல் நேதாஜி கிழக்காசியாவுக்கு வந்தபின், ஆஸாத் ஹிந்த் ஒலிபரப்புகள் தமிழிலும் நிகழ்ந்தன. அத்தற்காலிக அரசில் பிரசார அமைச்சராய் விளங்கிய எஸ். ஏ. ஐயர் ஒரு தமிழர். ராய்ட்டர் செய்தி ஸ்தாபனத்தின் நிருபராய்ப் பாங்காக் சென்றவர். யுத்தம் முடிந்து நாடு விடுதலை பெற்றபின் அவரே பம்பாய் அரசின் விளம்பரத் துறை இயக்குநரானார்! ஒரு காலத்தில் சர்க்கார் வானொலியை மறுத்துரைக்க ஏற்பாடு செய்தவர், பின்னர் சர்க்காரின் செய்தியைப் பரப்பும் பொறுப்பை ஏற்றார். இதில் நாம் குறை காணவில்லை. ஆள் மாறவில்லை, அரசுதான் மாறியது. ஆனால் பிரசாரம் என்னும் தொழில் எவ்வளவு எளிதாய்க் கரை மாறும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இன்னொன்று: பிற்காலத்தில் நடுநிலைக்கு உரைகல்லாய்த் தமிழர் கொண்டாடிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பும் 1941 மே 3ஆம் நாள் தொடங்கியது யுத்தத்தின் தேவைக்காகவே.

சார்பு கட்சி பற்றியது மட்டுமன்று. வட இந்தியாவில் அதே ஆண்டுகளில் பெரும் பூசல் ஒன்று மொழி பற்றி எழுந்தது. வானொலியின் ஹிந்துஸ்தானிச் செய்தியில் பாரசீகச் சொல் மிகுதி என்று ஹிந்தி அன்பர் முறையிட்டனர். உருது அன்பரோ அதற்கு நேர்மாறாகக் குறை கூறினர். அப்போது நிர்வாகத்தின் தலைமையில் அகமது ஷா புகாரியும், நிலைய அதிகாரிகளில் ஒருவராக அவர் தம்பி சுல்பிகர் அலி புகாரியும் இருந்தமையால், இந்த வானொலியும் ஒரு பி.பி.சி.யே, 'புகாரி பிரதர்ஸ் கார்ப்பொரேஷன்' என்று ஒரு கேலி உலவியது. 1946இல் சர்தார் பட்டேல் பொறுப்பேற்றபின் ஹிந்திக்கும் உருதுவுக்கும் தனித்தனி அறிக்கைகள் ஏற்பட்டன. ஒரே வாக்கியம் ஒரு செவிக்கு இடமாகவும் மறு செவிக்கு வலமாகவும் ஒலிக்கும் விந்தையை அன்றே வானொலி அதிகாரிகள் கண்டு சலித்திருப்பர்.

விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறும் என்று நம்ப இடமிருந்தது. 1947 நவம்பர் 12ஆம் நாள் காந்தியடிகள் தில்லி வானொலி நிலையத்துக்கு வந்து, குருக்ஷேத்திரத்து அகதிகளிடம் பேசினார். அவர் நிலையத்துக்கு நேரில் வந்தது அந்த ஒரு முறைதான். உஷா மேத்தா கைதான அதே தேதி, ஐந்தாண்டு கழித்து! அடுத்த ஆண்டே அரசியல் நிர்ணய சபையில் பிரதமர் நேரு, நம் ஒலிபரப்பு அமைப்பு பிரிட்டனின் முறையைக் கூடியவரை ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் உடனடியாக அது இயலாது என்னும் கருத்தை வெளியிட்டார். அந்த 'உடனடியாக இயலாது' என்பது ஐம்பதாண்டு நீண்டது. பிரிட்டனின் முறையும் மாசற்றதன்று என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. 1926 மே மாதத்துப் பொது வேலைநிறுத்தத்தின்போது எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டுக்கு அங்கே ஒலிவாங்கி மறுக்கப்பட்டது.

இனிப் பம்பாய்க்கே திரும்புவோம். 1956 ஜனவரி 16ஆம் நாள் மாலை. பம்பாய் நகரம் மகாராஷ்டிரத்தோடு சேராது, மத்திய அரசின் நேர் ஆட்சியில் இருக்கும் என்னும் முடிவைப் பிரதமர் வானொலியில் அறிவித்தார். அடுத்த சில நாட்கள் நகரில் கல்லெறியும் தீவைப்பும் துப்பாக்கிச் சூடுமாகக் கழிந்தன. சம்யுக்த மகாராஷ்டிரக் கிளர்ச்சி முழுவதிலும் உயிர் துறந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர் நினைவாகவே புளோரா பவுண்டன் சந்திப்பு இன்று ஹுதாத்மா சௌக் எனப் பெயர் தாங்கி நிற்கிறது. அந்த ஜனவரி மாலையில் மராத்தி நேயர் செவியில் வானொலி எதுவாய் ஒலித்திருக்கும்? முடிவை எடுத்த குரலும் அதுவே. முடிவின் விளைவைச் செய்தியாய்க் கூறிய குரலும் அதுவே. தீர்ப்புரைத்த வாயே சாட்சியும் சொன்னால் யார் நம்புவார்? அதே ஆண்டு நவம்பரில் ஆசார்ய அத்ரே 'மராட்டா' நாளேட்டைத் தொடங்கியபோது அதற்கு மக்களிடம் கிடைத்த வரவேற்பைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

தமிழ் நேயர் நிலை வேறு. அவன் இவ்வழக்கில் வாதியுமல்லன், பிரதிவாதியுமல்லன். ஆனால் எரிவது அவன் குடியிருக்கும் தெரு. தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி உலகத் தமிழர் அனைவருக்கும் பொதுவான ஒரு சிறு அறிக்கை. நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் அதற்குள் அடக்க வேண்டும். மறுநாள் காலை தாதரில் டிராம் ஓடுமா, பரேலில் ஆலை திறக்குமா என்பதற்கு அதில் இடமேது? பம்பாய் நிலையத்து மராத்திச் செய்தியைக் கேட்டுப் புரிந்துகொண்டவன் ஓரளவு தேறினான். மராத்தி தெரியாத புதுக் குடியேறி, அடுத்த வீட்டான் முகத்தைப் பார்த்துத்தான் நிலைமையை ஊகித்தான். இதையும் அவன் சார்பு என்றே பெயரிட்டான். நம் கருத்தில் இது சார்பன்று, தொலைவு. எனினும் தில்லியில் அமர்ந்து எழுதப்படும் செய்தியில் தொலைவும் நாளடைவில் சார்பின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது.

செய்தி எவ்வாறு உருவாயிற்று என்பதை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். தில்லியில் பொதுச் செய்தி அறை ஒன்று உண்டு. அங்கே செய்திகள் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டு மொழிப் பிரிவுகளுக்கு அனுப்பப்படும். தமிழ்ப் பிரிவார் அதிலிருந்து எடுத்து மொழிபெயர்த்து வாசிப்பர். எச்செய்தி முதலில், எது கடைசியில், எது இல்லவே இல்லை என்பவற்றின் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே முடிவாகிவிடும். தமிழ்ப் பிரிவுக்கு எஞ்சுவது சொல். அந்தச் சொல்லிலேயே எத்தனை சங்கடம்! ஓர் ஆங்கிலச் சொல்லைக் 'கிளர்ச்சி' என்று பெயர்க்கலாம், 'போராட்டம்' எனலாம், கடுகடுத்தால் 'கலவரம்' எனலாம். முதற்சொல்லைக் கேட்டவன் தலையசைப்பான்; இரண்டாவதைக் கேட்டவன் கைதட்டுவான்; மூன்றாவதைக் கேட்டவன் ரேடியோவை நிறுத்திவிடுவான். அவ்வாறே, போலீசார் சுட்டனர் என்பதற்கும், துப்பாக்கிப் பிரயோகம் செய்ய நேர்ந்தது என்பதற்கும் பொருளளவில் வேற்றுமை சிறிது. இறந்தவன் வீட்டாருக்கோ அது மலையளவு.

1965இல் இச்சங்கடம் தமிழரையே நேரில் வந்து தாக்கிற்று. ஜனவரி 26 முதல் ஹிந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துச் சென்னை மாகாணத்து மாணவர் எழுந்தனர். துப்பாக்கிச் சூடுகளில் இறந்தோர் அரசுக் கணக்கில் எழுபது அளவினர்; பிறர் கணக்கில் அதனினும் மிகப் பலர். இருவேறு கணக்குகள் ஊரில் உலவும்போது வானொலி எதைக் கூறும்? அரசுக் கணக்கைத்தான். அது செய்தித் துறை ஒழுங்கின்படி குற்றமன்று. ஆதாரமுள்ள எண் அது ஒன்றே. ஆனால் ஊரிலிருந்து கடிதம் வந்து சேரும் வரை நான்கு நாள் உறங்காதிருந்த தாராவித் தொழிலாளிக்கு, அவ்வெண் மறைப்பாகவே பட்டது. பிப்ரவரி 11ஆம் நாள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவிகளைத் துறக்க முன்வந்தனர். அன்றே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். வானொலியையே பகைத்து நின்ற தமிழர், அந்தப் பேச்சுக்காக வானொலியையே நாடி அமர்ந்தனர். இம்முரண் நினைவில் வைக்கத் தக்கது. செய்தியை நம்பாதவனும், அரசின் வாக்குறுதியை அரசின் வாயாலேயே கேட்க விரும்புகிறான்.

அந்நாளில் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்தவர் இந்திரா காந்தி. அவர் காலத்தில் நியமிக்கப்பட்ட சந்தா குழு, வானொலியைச் சர்க்கார் துறையிலிருந்து பிரித்துத் தனிக் கார்ப்பொரேஷனாக்க வேண்டுமென்று 1966இல் கூறியது. அதை அரசு ஏற்கவில்லை. அவ்வமைச்சரே பிரதமராகி, பத்தாண்டு கழிவதற்குள் வானொலியை எந்நிலையில் வைத்தார் என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

1966 ஜூன் 19இல் சிவசேனை தோன்றியது. அதற்கு முன்பிருந்தே 'மார்மிக்' வார ஏடு, பம்பாய் அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னாட்டார் பெயர்களைப் பட்டியலிட்டு வந்தது. மாட்டுங்காவின் ஓட்டல்கள் கல்லடி பட்டன. ஏறத்தாழ இக்காலத்தில்தான், 1967–68இல், வானொலிக்கு ஒழுக்க விதித் தொகுப்பு ஒன்று வகுக்கப்பட்டது. ஒரு கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கலாகாது. மாநில அரசையோ மத்திய அரசையோ பகைமையோடு குறை கூறலாகாது. மதங்களையும் வகுப்புகளையும் இழிக்கலாகாது. வன்முறையைத் தூண்டலாகாது என்பன போன்ற விலக்குகள் அதில் அடங்கின. நல்ல நோக்கத்தோடு செய்தவை. கலகக் காலத்தில் வகுப்பின் பெயரைச் சொல்லாமல் 'இரு பிரிவினர்' என்றும், அடித்தவர் கட்சியைச் சொல்லாமல் 'சமூக விரோதிகள்' என்றும் கூறும் மரபும் இதோடு இணைந்தது. பெயர் சொன்னால் வேறொரு தெருவில் பழிக்குப் பழி எழும் என்னும் அச்சம் வெறும் கற்பனையன்று. எத்தனையோ உயிரை அம்மரபு காத்திருக்கலாம். ஆனால் அடிபட்டவனுக்கு அடித்தவனைத் தெரியும். தெரிந்த பெயரை வானொலி விழுங்கும்போது, அடித்தவனுக்கு அது துணைபோகிறது என்று அவன் நினைப்பான். அமைதியா, வெளிப்படையா என்னும் இத்துலாக்கோலில் எப்பக்கம் நிற்பது என்று நம்மால் பொதுவாய் ஒரு விதி கூற இயலவில்லை.

1975 ஜூன் 26 முதல் இத்தகைய நுண்ணிய ஐயங்களுக்கே இடமில்லாது போயிற்று. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. செய்தித் துறையிலிருந்து ஐ. கே. குஜ்ரால் மாற்றப்பட்டு வி. சி. சுக்லா அமர்ந்தார். நான்கு செய்தி ஸ்தாபனங்களும் 1976இல் 'சமாச்சார்' என ஒன்றாக்கப்பட்டன. அவ்வாண்டு ஜனவரி 31இல் தி.மு.க. அரசு நீக்கப்பட்டது. செய்தியின் வரிசையையும் சொல்லையும் ஆராய்ந்து சார்பைக் கண்டுபிடிக்கும் வேலை நேயர்க்கு மிச்சமாயிற்று. சார்பு வெளிப்படையாகவே நின்றது.

ஆயினும் பம்பாய் மக்களுக்கு நெருக்கடி நிலையை முகத்தில் அறைந்தாற்போல் உணர்த்தியது ஒரு செய்தியறிக்கையன்று, ஒரு பாட்டின் இன்மை. பின்னணிப் பாடகர் கிஷோர் குமார், அரசின் திட்டங்களைப் போற்றும் நிகழ்ச்சியொன்றில் பாட மறுத்தார். 1976 மே 4 முதல் அவர் பாடல்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விலக்கப்பட்டன. பின்னர் ஷா கமிஷன் விசாரணையில் இது முழுதும் வெளிப்பட்டது. நாடாளுமன்ற உரைகள் இருட்டடிப்புச் செய்யப்பட்டதை அறியாதவர் இருந்திருக்கலாம். விவித பாரதியில் நாள்தோறும் ஒலித்த குரல் ஒன்று திடீரென நின்றுபோனதை அறியாதவர் பம்பாயில் இருந்திருக்க முடியுமா? செய்தியைக் கவனியாத தாயும், அரசியல் பேசாத தையற்காரனும், தேநீர்க் கடைச் சிறுவனும் அன்று 'ஏன்?' என்று கேட்டனர். ஆட்சியாளர் செய்தியைத் தணிக்கை செய்ததால் இழந்த நம்பிக்கையைவிட, பாட்டைத் தணிக்கை செய்ததால் இழந்தது அதிகம் என்பது நம் மதிப்பீடு.

1977இல் புதிய அரசு வந்ததும் முதன்முறையாகக் கட்சிகளுக்கு வானொலியில் தேர்தல் பேச்சு நேரம் கிடைத்தது. வர்கீஸ் குழு 1978இல் 'ஆகாஷ் பாரதி' என்னும் சுதந்திர அறக்கட்டளையைப் பரிந்துரைத்தது. 1979இல் எல். கே. அத்வானி கொண்டுவந்த மசோதா அவ்வரசோடு மறைந்தது.

பழைய வடு ஆறவில்லை என்பது 1984 அக்டோபர் 31இல் தெரிந்தது. காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியை பி.பி.சி. பகலிலேயே கூறிவிட்டது. அகில இந்திய வானொலி அதை அறிவித்தது மாலை 6 மணிக்குத்தான். வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த அவர் மகன் ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து பி.பி.சி.யைக் கேட்டார் என்றால், சாமானிய நேயரைப் பற்றிச் சொல்வானேன்? அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில் இலங்கைத் தமிழர் மீது நடந்த கொடுமைகளுக்குப் பின், சிற்றலையில் 'தமிழோசை' கேட்கும் பழக்கம் தாராவியிலும் செம்பூரிலும் மேலும் வேரூன்றியிருந்தது. 'போராளி', 'தீவிரவாதி', 'பயங்கரவாதி' என்னும் மூன்று சொற்களில் எதை எந்நிலையம் எப்போது கையாள்கிறது என்று நேயர் எடைபோட்டனர். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது.

இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இத்தனை ஐயத்துக்கு இடையிலும் தில்லித் தமிழ்ச் செய்தியைத் தமிழர் ஏன் விடாது கேட்டனர்? விடையின் ஒரு பகுதி சரோஜ் நாராயணசுவாமியின் குரலில் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்த அவர், சுமார் 35 ஆண்டுகள் தில்லியிலிருந்து செய்தி வாசித்தார். தம் பெயரைச் சொல்லி அவர் தொடங்கும் முறையைக் கேட்டே கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட இல்லங்கள் உண்டு. பெயர்ச் சொற்களைத் தெளிவாய் உச்சரிப்பது, வாக்கியத்தின் இறுதிச் சொல்லை விழுங்காதிருப்பது, துக்கச் செய்தியில் குரலைத் தழுதழுக்க விடாதிருப்பது ஆகிய இவ்வளவு சிறிய ஒழுக்கங்களால் ஒருவர் நம்பிக்கையை ஈட்ட முடியும் என்பதை அவர் காட்டினார். செய்தியின் தேர்வை ஐயுற்ற அதே நேயர், வாசித்தவரை ஐயுறவில்லை. இது மிக நுட்பமான தீர்ப்பு. படித்த விமரிசகரும் பல வேளைகளில் இவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் 2022 ஆகஸ்டு 13ஆம் நாள் தாம் வளர்ந்த அந்நகரிலேயே மறைந்தார்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1997இல். இடையில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் உடைமை என்றும், அரசின் ஏகபோகமல்ல என்றும் தீர்ப்புரைத்தது. கார்ப்பொரேஷன் ஏற்பட்டாலும் அதற்கான பணம் பெரும்பாலும் அரசிடமிருந்தே வருகிறது. பணம் வரும் வழியில் குரலும் வரும் என்னும் பழைய ஐயம் நேயரை இன்னும் விடவில்லை. 2023 மே மாதம் ஆங்கிலத்திலும் 'ஆல் இந்தியா ரேடியோ' என்பதை விடுத்து 'ஆகாஷ்வாணி' என்றே சொல்ல வேண்டும் என ஆணை பிறந்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில் செய்தியின் உள்ளடக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெயர் ஒன்றே போதுமானதாயிருந்தது.

மாட்டுங்காவில் இன்று காரோட்டிச் செல்பவரும் தாராவிப் பட்டறையில் தோல் தைப்பவரும் கேட்பது பெரும்பாலும் தனியார் பண்பலை. அங்கே பாட்டு உண்டு, விளம்பரம் உண்டு, அரட்டை உண்டு. சொந்தச் செய்தி இல்லை. 2019 ஜனவரியில், அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பும் ஏற்பாடு அந்நிலையங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மணிக்குப் பத்து நிமிடம் தாமே செய்தி கூற அவற்றை அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில் பரிந்துரை செய்தது.